கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது: 10 யூனிட் லித்தியம் பேட்டரி போடலாமா?

கேள்வி (குடியாத்தம்)
மாடியில் 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார் (மின்வாரிய லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடுவது). 540 வாட் பேனல் 6, எல்லாம் ஒரே தொடர் இணைப்பு. நெட் மீட்டர் (லைனுக்குக் கொடுத்ததை வாங்கியதில் கழிப்பது) உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு அன்று காலை 9 மணிக்கு லைன் எடுத்தால் உச்சி வெயிலிலும் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. பழைய 150 ஏ.எச். ட்யூபுலர் (லெட்–ஆசிட்) பேட்டரி மாடி தகர ஷெட்டில் இருக்கிறது. இரண்டரை வருடத்திலேயே அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. விற்பவர் ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு (பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்து நடத்துவது) 51.2 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் இரண்டு போடச் சொல்கிறார். பேட்டரிக்கு மட்டும் 2,20,000 ரூபாய். "பில்லே வராது" என்கிறார். வீட்டில் 2 ஃபேன், 6 லைட், டிவி, ஃபிரிட்ஜ், 1 எச்.பி. போர் மோட்டார். எந்த அளவு சரி? மானியம் வருமா?

பதில் 1 (காட்பாடி, வயரிங் வேலை)
சார், இன்வெர்ட்டர் நிற்பது பழுது இல்லை. லைன் செத்ததும் அது நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி கரண்ட் கம்பத்தில் ஏறி, வேலை பார்க்கும் லைன்மேன் உயிரை எடுத்துவிடும். தயவுசெய்து இதை ஏமாற்ற எந்தக் குறுக்கு வழியும் தேடாதீர்கள்.

ஹைபிரிட் வாங்கும் முன் பேனல் வோல்டேஜைப் பாருங்கள். ஒரு பேனலுக்குத் திறந்த சுற்றில் (லோடு எதுவும் இல்லாதபோது) சுமார் 49 வோல்ட், 6 சேர்ந்தால் 295-ஐ ஒட்டி வரும். மலிவாகக் கிடைக்கும் பல சோலார் இன்வெர்ட்டர்களின் பேனல் உள்ளீடு 150 வோல்ட்டுக்குள்தான். அதில் மாட்டினால் அந்த நிமிடமே போர்டு கருகும்.

இன்வெர்ட்டர் மாறினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நெட் மீட்டர் ஒப்புதல் பழைய இன்வெர்ட்டருக்கு வாங்கியது.

பதில் 2 (ராணிப்பேட்டை, பேட்டரி சர்வீஸ்)
ஒரு லித்தியமே போதும். கணக்கு இதுதான்.

ஃபேன் 150 வாட், லைட் 60, டிவி 80, ஃபிரிட்ஜ் சராசரி 60. மொத்தம் 350 வாட். 8 மணி நேரத்துக்கு 2.8 யூனிட். ஒரு பேட்டரி 5.12 யூனிட், 85 சதவீதம் எடுத்தால் 4.3 கிடைக்கும். அதுவும் பகலில் பேனலே பாதிக்கு மேல் சுமக்கும்.

"பில் வராது" என்பதை ஏற்காதீர்கள். இரண்டு பேட்டரியையும் தினமும் முழுதாக ஏற்றி இறக்கினால், 4,000 சுற்றில் சுமார் 34,800 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் 30 காசு அடக்கம். ஆனால் நீங்கள் தினமும் இறக்கப் போவதில்லை. கரண்ட் போகும்போது மட்டும் மாதம் 6 யூனிட் எடுத்தால் பத்து வருடத்தில் 720 யூனிட், அடக்கம் 300 ரூபாய்க்கு மேல். நெட் மீட்டர் இருக்கும்போது பகல் மிச்சத்தை லைனுக்குக் கொடுத்து ராத்திரி வாங்கிக்கொள்வதே லாபம். பேட்டரி வழியாகப் போனால் பத்து, பதினைந்து சதவீதம் வழியிலேயே போய்விடும். ஆக, கரண்ட் இல்லாத நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்குங்கள், சேமிப்புக்கு என்று வாங்காதீர்கள்.

மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000. அது பேனலைப் பார்த்து வருவது. பேட்டரி சேர்த்தால் ஒரு ரூபாய்கூட ஏறாது.

மோட்டாரை பேக்கப்பில் சேர்க்காதீர்கள். ஓடும்போது ஒரு கிலோவாட்தான், கிளம்பும்போது நாலைந்து மடங்கு இழுக்கும். பராமரிப்பு அறிவிப்பு வந்த அன்று முந்தின ராத்திரியே தொட்டியை நிரப்பிவிடுங்கள். கடம்பாறை நீரேற்று மின் நிலையத்தில் 400 மெகாவாட்டுக்கு மின்வாரியம் செய்வதும் தண்ணீரை மேலே ஏற்றி வைக்கும் வேலைதான்.

பழைய ட்யூபுலரைக் கொன்றது தகர ஷெட். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும், வேலூர் சித்திரை வெயிலில் அந்த ஷெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முழு சார்ஜுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தி காட்டும் கருவி) விடுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் போச்சு. போர் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றியிருந்தால் காரணம் தேடவே வேண்டாம். புது லித்தியத்தையும் மேலே கொண்டு போகாதீர்கள், கீழே காற்றோட்டமான சுவர் ஓரம் வையுங்கள்.

கேட்டவர்
நன்றிங்க. ஹைபிரிட்டும் ஒரு பேட்டரியும் போட்டாச்சு. இப்போது இரண்டு தொல்லை. பேக்கப் பக்கம் ஃபேன் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. மதியம் பேட்டரி 58 வோல்ட் தொட்டதும் திடீரெனத் துண்டித்துக்கொள்கிறது.

பதில் 1
முதலாவது நியூட்ரல் கலப்பு. ஹைபிரிட்டுக்கான லைனை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் எடுத்துவிட்டு, ஃபேன் நியூட்ரலைப் பழைய நியூட்ரல் பட்டையிலேயே விட்டிருப்பார்கள். போன கரண்ட் ஒரு வழி, திரும்பும் கரண்ட் வேறு வழி. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் போதும், விழும். மெயினை அணைத்து, பேனல் டி.சி. சுவிட்ச்சையும் பேட்டரி பிரேக்கரையும் இறக்கி, ஹைபிரிட் வெளியீட்டு ஒயரைக் கழற்றி, பேக்கப் நியூட்ரலுக்கும் மெயின் நியூட்ரல் பட்டைக்கும் இடையே மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் கலந்திருக்கிறது. பேக்கப் சுற்றுகளின் நியூட்ரலைத் தனிப் பட்டைக்கு மாற்றி, அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள்.

பதில் 2
இரண்டாவது செட்டிங். இன்வெர்ட்டர் இன்னும் லெட்–ஆசிட் முறையில் நிற்கிறது. 16 செல்லில் ஏதாவது ஒன்று 3.65 வோல்ட் தாண்டினால் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) வெட்டிவிடும். சார்ஜ் 56.0 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பின் பிடித்து வைப்பது) 54.0, கீழ் வெட்டு 48.0, கரண்ட் 50 ஆம்பியருக்குள், ஈக்குவலைஸ் (லெட்–ஆசிட்டுக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) ஆஃப் என்று வையுங்கள்.

பேட்டரி ஒயர் 25 சதுர மி.மீ. தாமிரமா, பிரேக்கர் டி.சி. வகையா என்றும் பாருங்கள். ஏ.சி. எம்.சி.பி. டி.சி. பொறியை அணைக்காது. ஒரு மணி நேரம் லோடு ஓட்டிவிட்டு ஒயர் முனையில் இருக்கும் லக்கின் மேல் உறையைத் தொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு இருந்தால் அந்த லக் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை (ஒயரை இறுக்கிப் பிடிக்கவில்லை), வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.