புதுப்பிப்பு: ராமநாதபுரம் – அரிச்சல்முனை, ஒரே நாளில் போய் வந்துவிட்டோம்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ஆனி வெயிலில் ஆறு பேர் ராமநாதபுரத்திலிருந்து, தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குச் சைக்கிளில் போய் அன்றே திரும்ப முடியுமா என்று. முடிந்தது. போக வர சுமார் 150 கிலோமீட்டர்.

விடியுமுன் கிளம்பச் சொன்னவர்களுக்குப் பெரிய நன்றி. பாம்பன் பாலம் வரை, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. ராமேசுவரம் தாண்டியதும் அதே காற்று பக்கவாட்டுக்கு மாறியது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் கடந்து போகும் அந்தச் சாலையில் மணல் பாம்பு மாதிரி நெளிந்து குறுக்கே ஓடுகிறது. நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. முதல் நாள் செயினுக்கு நிறைய எண்ணெய் விட்டது என் தவறு. மணல் அப்பி நறநறவென்று அரைத்தது. துண்டால் அழுத்தித் துடைத்த பிறகுதான் மிதி லேசானது. நீங்கள் போனால் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

திரும்பும்போது உச்சிப்புளிப் பக்கம் எதிர்காற்று உயிரை எடுத்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் பின்னால் ஒட்டியே வந்தோம். ஓரமாக நிறுத்தியதில் சீமைக்கருவேல முள் குத்தி இரண்டு பஞ்சர் வேறு.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்களே, ஆளுக்கு ஆறு லிட்டர் ஆனது. வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட மோர்தான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்தது மார்கழியில், மூக்கையூர் வரை. வருகிறவர்கள் சொல்லுங்கள்.