சனிக்கிழமை ராத்திரி குரூப் ஃப்ளைட்டுக்கு நம்ம ஊர் பக்கம் நல்ல ரூட்டு சொல்லுங்க

ஈசூன்_செஸ்னா:
வணக்கம் மக்களே. நாங்க ஒரு எட்டு பேர் சனிக்கிழமை ராத்திரி சாப்டு முடிச்சு 9 மணிக்கு சிம்முல (கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற ஃப்ளைட் சிமுலேட்டர்) ஒண்ணா பறப்போம், எல்லாருமே செஸ்னா 172ங்கிற ஒத்தை எஞ்சின் குட்டி விமானம்தான், ரூட்டு போடுறது ஆளுக்கு ஒரு வாரம். போன தடவை என் முறை. எப்பப் பாத்தாலும் சிங்கப்பூர் சிலேத்தார்லேர்ந்து மலேசியாவோட தியோமான் தீவுதானா, நம்ம ஊர் மலையைக் காட்டுவோம்னு கோயம்புத்தூர்ல ஏறி பாலக்காட்டு கணவாய் வழியா கொச்சின்னு போட்டேன். லைவ் டைம்ல (அந்த ஊர்ல இப்ப என்ன நேரமோ அதே நேரம்) விட்டதுதான் நான் பண்ண கோளாறு. இங்க சிங்கப்பூர்ல 9ன்னா அங்க 6.30, கணவாய்க்குள்ள நுழையுறப்பவே பொழுது சாஞ்சிடுச்சு, அதுக்கப்புறம் கொச்சின் வரைக்கும் பேனல் லைட்டைப் பாத்துக்கிட்டே போனோம். குரூப்ல ஒரு அண்ணே "மலை காட்டுறேன்னு கூட்டிட்டுப் போயி மீட்டரைக் காட்டிட்டியேடா"ன்னு இன்னும் ஓட்டுறாரு.

மறுபடி என் முறை வருது. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடியணும், ரெண்டு பேரு புதுசு, லேண்டிங் இன்னும் தகராறு. மேட்டுப்பாளையத்துலேர்ந்து மலை ரயில் தண்டவாளத்தையே பிடிச்சு ஊட்டி ஏறலாம்னு ஒரு யோசனை. சரியா வருமா?

தேக்கா_கேப்டன்:
தம்பி, டைமை கையாலயே மாத்தி வச்சுக்கலாமே, எட்டு பேரும் ஒரே டைம் ஒரே வெதர் வச்சாப் போதும். இல்லாட்டி உங்களுக்கு காலை வெயிலு, பக்கத்துல பறக்குறவருக்கு நடு ராத்திரி, டிஸ்கார்டுல "அந்த அருவியைப் பாருங்க"ன்னா அவர் எதைப் பாப்பாரு.

ஊட்டி ஐடியா நல்ல ஐடியாதான், ஆனா தலைகீழா புடிச்சிருக்கீங்க. ரயில் 46 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, நீங்க அவ்வளவு வளைய முடியாது. மேட்டுப்பாளையம் ஆயிரம் அடி சொச்சம், குன்னூர் 6000 அடி, நடுவுல நேர் தூரம் ரொம்ப கம்மி. 172 அந்த உயரத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நிமிஷத்துக்கு 400, 500 அடிதான் ஏறும், தரை அதைவிட வேகமா ஏறி வரும். நான் ஆரம்பத்துல இதையே பண்ணி கல்லாறு தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துல போய் செருகிக்கிட்டேன். கோயம்புத்தூர் சமவெளி மேலேயே வட்டம் போட்டு 9500 அடி ஏறிடுங்க (தொட்டபெட்டாவே 8650), அப்புறம் ஊட்டிப் பக்கமிருந்து தண்டவாளத்தைப் பிடிச்சு கீழ இறங்குங்க. பள்ளத்தாக்குக்கு நடுவுல போகாம ஒரு ஓரமா ஒட்டிப் போகணும், அப்பதான் திரும்பணும்னா முழு அகலமும் கையில இருக்கும். மேல ஏற ஏற மிக்ஸ்சர்ல (எஞ்சினுக்குப் போற பெட்ரோல்-காத்து கலவை) பெட்ரோலைக் குறைக்கச் சொல்லுங்க புதுசா வந்தவங்ககிட்ட, ஃபுல் ரிச்ல வச்சுட்டு எஞ்சின் இழுக்கலன்னு அழுவாங்க. டைம் காலை 7 வைங்க, சாய்வு வெயில்லதான் மலை மடிப்பெல்லாம் எடுப்பாத் தெரியும்.

பாம்பன்_பேத்தி:
புதுசா ரெண்டு பேர் இருக்காங்கன்னா மலையே வேணாங்க. மதுரையில ஏறி ராமநாதபுரம், பாம்பன், தனுஷ்கோடி, அப்படியே மணல்திட்டு மேலயே தலைமன்னார், அங்கேர்ந்து வடக்க திரும்பி யாழ்ப்பாணம் பலாலில இறக்குங்க. மொத்தம் 155 நாட்டிக்கல் மைல் கிட்ட வரும், 110 நாட்ல (மணிக்கு 110 நாட்டிக்கல் மைல்) போனா ஒரு மணி இருபத்தஞ்சு நிமிஷம். வழி தப்பவே சான்ஸ் இல்ல, தரை ஒரு கோடு மாதிரி ஒடுங்கிக்கிட்டே போயி அரிச்சல்முனையில முடிஞ்சிடும், ரெண்டு பக்கமும் கடல். எங்க அம்மாச்சி 1964 புயலுக்கு முன்னாடி அந்த ஊருக்கு ரயில்ல போனவங்க. ஐபேட்ல ரெக்கார்டிங்கை காட்டினேன், "ஸ்டேஷன் எங்கடி"ன்னு தேடிக்கிட்டே இருந்தாங்க.

1500 அடிக்கு மேல போகாதீங்க. இதுக்கு மட்டும் கேப்டன் அண்ணே சொல்ற காலை வெயில் ஆகாது, சூரியன் உச்சியில இருந்தாத்தான் ஆழமில்லாத தண்ணி நிறம் மாறுறது தெரியும், சாய்வா இருந்தா வெறும் பளபளப்புதான்.

ஈசூன்_செஸ்னா:
சூப்பர்ங்க. பாம்பன் பாலம் எப்படித் தெரியுது? தூக்குப் பாலத்தோட புது ரயில் பாலம் 2025ல தொறந்தாங்களே, அது இருக்கா?

பாம்பன்_பேத்தி:
அய்யோ அதைக் கேக்காதீங்க 😄 என் பிசில தண்ணி மேல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தட்டையா கிடக்கு. பாலத்துக்காகப் போகாதீங்க, அதுக்கு அப்புறம் வர்ற மணலுக்காகப் போங்க.

கோப்பி_ஓ_கோசோங்:
தியோமானை ஏன்பா எல்லாரும் திட்டுறீங்க. ரன்வே ஒரு கிலோமீட்டர்கூட இல்ல, பக்கத்துலயே மலை, லேண்டிங் பழக அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது லா. புதுசா வந்த ரெண்டு பேரையும் ஒரு நாள் தனியா அங்க கூட்டிட்டுப் போங்க, சனிக்கிழமை கும்பல்ல வச்சு சொல்லிக் குடுக்காதீங்க.

ஈசூன்_செஸ்னா:
சரி, மதுரை - பலாலி ஃபிக்ஸ். பகல் 11.30, வானம் கிளியர், எட்டு பேருக்கும் செட்டிங்கோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன். புதன்கிழமை ராத்திரி அந்த ரெண்டு பேரோட தியோமான். ஊட்டி அடுத்த முறைக்கு, மேலேர்ந்து கீழதான். குரூப்ல போட்டதும் அந்த அண்ணே ஒரே வரி ரிப்ளை: "டார்ச் லைட் எடுத்துட்டு வரவா?"