6 அடி சுவர் அலமாரிக்கு எத்தனை ஷீட் பிளைவுட்? கடலூர், கடலோர வீடு

தேவனாம்பட்டினத்தான் (கேள்வி)

தரைத்தள வீடு, 9 இன்ச் செங்கல் சுவர். சமையல் மேடைக்கு மேல 6 அடி நீளம், 2 அடி உயரம், 1 அடி ஆழத்துல கதவு வச்ச அலமாரி மாட்டணும். ஆசாரி 18 எம்எம் 8×4 ஷீட் ரெண்டு, பின்பக்கத்துக்கு 6 எம்எம் 8×4 ஒண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கார். கடைக்காரர் எம்ஆர் (ஈரத்தை ஓரளவு தாங்குற) கிரேடே போதும்ங்கிறார். செலவைக் குறைக்க எல்லாத்தையும் 12 எம்எம்ல முடிச்சா என்ன? சுவர்ல தரையிலிருந்து ஒண்ணரை அடிக்கு உப்பு பூத்திருக்கு, மேல சுத்தமா இருக்கு.

ரீப்பர்கட்டை

கனத்தைக் குறைக்காம அளவை மாத்தினாலே மிச்சமாகும் சார்.

ஒரே பெட்டியா வேண்டாம், 3 அடில ரெண்டு பெட்டியா செய்யுங்க. ஆழம் 12 இன்ச் கேட்காதீங்க, 11¾ வைங்க. ஷீட் அகலம் 48 இன்ச். ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடு 3 எம்எம் தின்னுடும், அதனால 12 இன்ச்ல நாலாவது பட்டை முழுசா தேறாது. 11¾ன்னா நாலும் தேறும். உயரமும் அதே கதைதான், 24க்குப் பதில் 23¾.

18 எம்எம் 8×4 ஷீட் ஒண்ணை நீளவாக்குல நாலு பட்டையா அறுங்க. முதல் பட்டையில 23¾ இன்ச் பக்கப்பலகை நாலு. மீதி மூணு பட்டையில ஒவ்வொண்ணுலயும் 34½ இன்ச் துண்டு ரெண்டு. ஆக ஆறு துண்டு: ரெண்டு பெட்டிக்கும் மேல், கீழ், நடுத்தட்டு முடிஞ்சது.

கதவுக்கு இன்னொரு 8×4 வேண்டாம், 6×3 ஷீட் கேளுங்க. 17¾ × 23½ அளவுல நாலு கதவு, ரேகை நின்னவாக்குல வர்ற மாதிரியே வெட்டலாம். அதுல மிஞ்சுறது 36 × 24 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. அதுலேயே 34½ × 3 இன்ச் தொங்கல் பட்டை (பெட்டியைச் சுவர்ல மாட்டுறதுக்கு) நாலு எடுத்துடலாம். பின்பக்கத்துக்கும் 6 எம்எம் 6×3 ஒண்ணு போதும்.

உங்க ஆசாரி கணக்கு 96 சதுர அடி. இது 68.

உப்புக்காத்து, புதுச்சேரி

கட்டிங் சரி. 12 எம்எம் விஷயத்துக்குப் பதில் சொல்றேன்.

தட்டோட விறைப்பு கனத்தோட மும்மடிக்கணக்குல மாறும். 18ஐ 12 ஆக்கினா விறைப்பு மூணுல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். 34½ இன்ச் நீளத்துல அரிசி டப்பா வச்சா நடுவுல தொய்ஞ்சே தீரும். 18லயே முன்விளிம்புல ஒண்ணரை இன்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒண்ணு ஒட்டுங்க. கதவுக்கு 12 ஆகவே ஆகாது. ஆட்டோ ஹிஞ்ச்சோட (தானா மூடுற கீல்) கப்புக்கு 35 எம்எம் வட்டத்துல ஏறக்குறைய 12 எம்எம் ஆழம் குடையணும். மறுபக்கம் ஓட்டை விழுந்துடும்.

எம்ஆர் எடுக்கிறது கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்ல படுக்கையறைக்குச் சரி. கடற்கரைப் பக்கம், அதுவும் அடுப்பு ஆவி அடிக்கிற இடத்துல வேண்டாம், கீழ்ப்பலகை ஓரத்துல அடுக்கு பிரிய ஆரம்பிக்கும். ஐஎஸ் 710 (தண்ணி தாங்குற மரைன் பிளைவுட்) முத்திரை பார்த்து எடுங்க. முத்திரையை மட்டும் நம்பாம ஓரத்தைப் பாருங்க. அடுக்குக்கு நடுவுல சந்து தெரிஞ்சா வேற ஷீட் கேளுங்க. 18ன்னு வித்தாலும் வெர்னியர் (கனம் அளக்கிற கருவி) வச்சா 16 காட்டுறது உண்டு. நல்ல 18 எம்எம் 8×4 ஷீட் 30 கிலோவுக்கு மேல இருக்கும்.

மைக்காவை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி உள்ளே பெயின்ட் அடிச்சா ஐப்பசி மழையில கதவு வில்லா வளையும். வெளியே 1 எம்எம், உள்ளே 0.8னு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. பட்ஜெட் இல்லைன்னா ரெண்டு பக்கமும் பெயின்ட். ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் வேறங்கிறதுதான் கூடாது. அறுத்த ஓரம் எல்லாத்தையும் அடைக்கணும், சுவர்ப் பக்கம் திரும்புற ஓரத்தையும் சேர்த்து. அதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

ரெண்டு பெட்டியும் தனித்தனிங்கிறதால எட்டு ஹிஞ்ச்சும் ஒரே மாதிரி, ஃபுல் ஓவர்லே (கதவு பக்கப்பலகை விளிம்பை மூடுற வகை). எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க. ஸ்க்ரூவும் அதே. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ போடவே போடாதீங்க, துருவும் பிடிக்கும், பாரத்துல தலையும் முறியும்.

தேவனாம்பட்டினத்தான்

நன்றி அண்ணா. தொங்கல் பட்டைன்னா பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா? எந்த ஸ்க்ரூ, எத்தனை?

ரீப்பர்கட்டை

உள்ளே. மேல்பலகைக்குக் கீழ ஒண்ணு, கீழ்ப்பலகைக்கு மேல ஒண்ணு, பின்பலகையை ஒட்டி. ரெண்டு பக்கப்பலகையிலிருந்தும் பட்டையோட முனைக்கு ஸ்க்ரூ ஏத்தணும், மேல்பலகையிலிருந்தும் ஏத்தணும். 3 எம்எம் துளை போட்டுட்டு 2 இன்ச் ஸ்க்ரூ. துளை போடாம ஓரத்துல ஏத்தினா அடுக்கு வாய் பிளக்கும்.

சுவருக்கு ஒரு பெட்டிக்கு மேல்பட்டையில நாலு, கீழ்ப்பட்டையில ரெண்டு. கதவோட சேர்த்து காலிப் பெட்டியே 22 கிலோ வரும், பாத்திரம் வச்சா ரெண்டு மடங்கைத் தாண்டும். பட்டை 18, பின்பலகை 6, காத்து போக சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல மீந்த 6 எம்எம் துண்டுல பேக்கிங் 6, பூச்சு 12, அதுக்கப்புறம் செங்கல்லுக்குள்ள 40. மொத்தம் 82 எம்எம். அதனால 3½ இன்ச் ஸ்க்ரூ. 3 இன்ச் போட்டா பிடிமானம் குறையும்.

8 எம்எம் பிட், நைலான் பிளக். துளையிடும்போது தூளைப் பாருங்க. முதல்ல சாம்பல் நிறம், பூச்சு. அப்புறம் சிவப்பா வந்தா செங்கல். தொடர்ந்து சாம்பலாவே வந்தா கலவை இணைப்புல இறங்குறீங்க, ஒரு இன்ச் மேலயோ கீழயோ தள்ளிப் போடுங்க. ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேல துளை வேண்டாம், ஒயர் பைப் அங்கதான் ஏறும்.

உப்புக்காத்து, புதுச்சேரி

கீழ இருக்கிற உப்பு உங்க அலமாரி வரைக்கும் வராது. ஆனா அந்தச் சுவருக்குப் பின்னால குளியலறை இருந்தாலோ, மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரா இருந்தாலோ, கார்த்திகை முடிஞ்சு சுவர் காய்ஞ்ச பிறகு மாட்டுங்க. அடுப்புக்கு நேர் மேல பெட்டி வராம தள்ளி வைக்கப் பாருங்க.

இதைப் படிக்கிற புதுச்சேரிக்காரங்களுக்கு: பழைய சுண்ணாம்புக் கலவைச் சுவர்னா இரும்பு ஃபாஸ்ட்னர் வேண்டாம், விரிஞ்சு சுவரைப் பெயர்த்துடும். அங்க சமையல் மேடையிலிருந்தே கால் கொடுத்துப் பெட்டியைத் தாங்குங்க.