டப்பிங் வேக்ஸ்: பற்றுமெழுகு என்றால் என்ன குறை?

வணக்கம் நண்பர்களே,

மீன் பிடிக்கக் கொக்கியில் நூலும் உரோமமும் இறகும் சுற்றிப் பூச்சி உருவம் கட்டுகிற வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஃபிளை டையிங்' என்று பெயர். அதில் தடவுகிற 'டப்பிங் வேக்ஸ்' என்ற மெழுகுக்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்திருப்பவை ஈமெழுகு, டப்பிங் மெழுகு, ஒட்டுமெழுகு. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பண்ணை வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது, இன்னமும் அந்த மீனுக்குப் பொய்ப்பூச்சி கட்டுகிற வேலையைத் தமிழில் சொல்ல நாம் திணறிக்கொண்டிருக்கிறோம், அதனால் அவசரப்பட்டு ஒரு சொல்லை உள்ளே தள்ளிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஈமெழுகை முதலில் விட்டுவிடலாம். 'ஃபிளை' என்றதும் ஈ என்று போட்டுவிட்டோம், ஆனால் இங்கே கட்டுகிறவற்றில் பெரும்பாலானவை ஈயே கிடையாது. மேஃபிளை, கேடிஸ் மாதிரி நீரில் வளர்ந்து மேலே வருகிற பூச்சிகள், சில சமயம் சின்ன மீனின் உருவம். அது போக ஈமெழுகு என்று படிக்கிறவர் தேனீயின் மெழுகு என்றுதான் எடுத்துக்கொள்வார். தேன்மெழுகும் இதே வேலையில் தனியாக வருகிறது, அப்புறம் எது எது என்று யார் பிரிப்பது? டப்பிங் மெழுகும் வேண்டாம். டப்பிங் என்றால் நம் ஊரில் சினிமாவுக்குக் குரல் கொடுப்பது, அந்தப் பொருளை இனி யாரும் அசைக்க முடியாது.

இழையில் ஒருவர் கேட்டிருந்தது: ஆங்கிலத்தில் ஒரே 'வேக்ஸ்'. தமிழில் மட்டும் எதற்கு இரண்டு சொல்?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மெழுகு அங்கே செய்வது இரண்டு வேலை, அந்த இரண்டுக்கும் வேண்டிய மெழுகும் வேறு வேறு.

முதல் வேலை நூலுக்கு. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்து எல்லையிலும் பொய்ப்பூச்சி கட்டியவர்கள் மெல்லிய பட்டு நூலால் கட்டினார்கள். பட்டு ஈரத்தில் நைந்துபோகும், கொக்கியின் முள்ளில் பட்டால் பிரியும், வழவழப்பால் சுற்று நழுவும். கட்டியான மெழுகுத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து நூலை அதன்மேல் விருட்டென்று இழுத்தால் உராய்கிற சூட்டில் மெழுகு இளகி இழைக்குள் இறங்கும், நூல் தண்ணீர் குடிக்காது, போட்ட சுற்று போட்ட இடத்தில் நிற்கும். மெதுவாக இழுத்தால் சூடு பிறக்காது, மெழுகு திட்டுத் திட்டாக அப்பும், அல்லது நூல் அறும். இதோடு நிறமும் சேர்ந்துகொள்கிறது, நம் விவாதத்துக்கு மிக முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 1854இல் டர்ஹாம் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் டுவீட் ஆற்றில் கண்ட பூச்சியைப் பார்த்து ஸ்ப்ரௌஸ்டன் ஊரில் ஜேம்ஸ் ரைட் கட்டிக்கொடுத்த 'கிரீன்வெல்ஸ் குளோரி' என்ற பொய்ப்பூச்சி இன்றும் கட்டப்படுகிறது. அதன் உடலுக்கு மஞ்சள் பட்டு நூல், ஆனால் செருப்புத் தைப்பவர்களின் கறுப்பு மெழுகை இழுத்துப் பூசியபின் அந்த மஞ்சள் மங்கி, பச்சையும் பழுப்பும் கலந்த ஆலிவ் நிறத்துக்கு வந்துவிடும். மீனுக்குக் காட்ட வேண்டிய நிறம் அதுதான். அதே நூலில் வெளிர் தேன்மெழுகைப் பூசினால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும், பூச்சி வேறாகிவிடும். ஆக இங்கே மெழுகு பாதி சாயத்தின் வேலையையும் செய்கிறது.

இரண்டாவது வேலை உரோமத்துக்கு. முயல், அகழெலி இவற்றின் அடிமயிரைக் கிள்ளி நூலோடு வைத்து விரலால் திரித்து, அந்தத் திரியைக் கொக்கியில் சுற்றி உடல் செய்வதைத்தான் டப்பிங் என்கிறார்கள். மென்மையான அடிமயிர் என்றால் மெழுகு அதிகம் கேட்காது, விரல் போதும். சீல் என்ற கடல் விலங்கின் உரோமம் அப்படியில்லை, விறைப்பும் வழுக்கலும் சேர்ந்து நூலில் நிற்கவே நிற்காது. கண்ணாடி மாதிரி மின்னுகிற செயற்கை இழைகளும் அதே கதைதான். அப்போதுதான் விரலில் ஒட்டுகிற இளகிய மெழுகு வேண்டும். ஒன்றிரண்டு அங்குல நூலில் மட்டும் ஒரு தடவு, உரோமத்தை அதன்மேல் தொட்டு வைத்தால் தொங்கிக்கொண்டிருக்கும், பிறகு ஒரே திசையில் திரிக்க வேண்டும். முன்னும் பின்னுமாக உருட்டினால் திரித்தது அவிழ்ந்துவிடும். கூடுதலாகத் தடவினால் உரோமம் கட்டி கட்டியாகும், நிறம் இருளும், விரலில் ஒட்டிய மெழுகு அடுத்துத் தொடுகிற இறகையும் கெடுக்கும். கடைசியில் பூச்சியின் தலைப்பக்கம் நூலை முடிக்கிற தலைமுடிச்சில் வார்னிஷ் வைக்கிற இடத்திலும் இந்த ஒட்டுகிற மெழுகு இருக்கக் கூடாது, வார்னிஷ் சரியாகப் பிடிக்காது.

இன்று விற்கிற நைலான், பாலியெஸ்டர் நூல்கள் பல மெழுகேற்றியே வருகின்றன. அதை வைத்து முதல் வேலை முடிந்துபோகிறது, இரண்டாவது முடிவதில்லை. மெழுகேற்றிய நூலை வாங்கிவிட்டு உரோமம் நிற்கவில்லையே என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் வருகிற குழப்பம், அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை: நூலுக்குப் பூசுவது நூல்மெழுகு, உரோமம் பிடிப்பது பற்றுமெழுகு.

நூல்மெழுகு என்றால் தோல் வேலைக்காரர்களின் மெழுகு நூலோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். எண்ணெய் விளக்கையும் விளக்கெண்ணெயையும் யாரும் மாற்றி வாங்குவதில்லை. கறுப்பு மெழுகைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் கீல்மெழுகு என்று போடலாம். அதில் இருப்பது தாரும் பிசினும், கீல் என்று தாருக்குப் பழைய பெயரே இருக்கிறது. செயலுக்கோ புதிதாக ஒன்றும் தேட வேண்டாம், மெழுகுதல் என்றாலே மேலே சீராகப் பூசுவதுதான். நூலை மெழுகு, மெழுகிய நூல், போதும்.

ஒட்டுமெழுகை ஏன் தள்ளுகிறேன் என்றால், ஒட்டு என்றதும் பசை போல நிரந்தரமாகச் சேர்ப்பது மனதில் வருகிறது, அதை நம்பி ஒருவர் மேலும் மேலும் தடவுவார். கடைசிவரை உரோமத்தை நூலில் வைத்திருப்பது முறுக்கு. மெழுகு அதுவரை பற்றிக்கொண்டிருந்தால் போதும். பற்று என்பதற்குப் பற்றாசு, பற்றவைப்பு என்று உலோகத்தைச் சேர்க்கிற பொருளும் உண்டே என்று மறுக்கலாம், உண்டுதான். ஆனால் பற்றுக்குறடு பிடித்துவிட்டு விடுகிறது, தலைவலிக்குப் போடும் பற்று மெல்லிய பூச்சு. இந்த மெழுகின் குணம் இரண்டும் அதில் வந்துவிடுகிறது.

பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில், தனியாக அது கட்டியாக நிற்கும், ஒட்டாது. பைன் பிசின் சேர்த்தால் பிடிப்பு வரும், கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டால் இளகும். சுவாமிமலையில் சிலைக்கு மெழுகுக் கரு பிடிக்கிற ஸ்தபதிகளும் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துத்தான் பதம் பார்க்கிறார்கள், வேலை வேறானாலும் கணக்கு ஒன்றுதான். குளிர் நாட்டில் இளக்கமாக வேண்டியது நம் கோடையில் குழைந்துவிடும் என்பதால் எண்ணெயைக் குறைக்க வேண்டும். அகராதிப் பதிவில் 'பதம்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: கட்டிப்பதம், இளம்பதம். கடை டப்பாக்களில் ஒட்டுத்தன்மையைத் தரம் பிரித்து எழுதியிருப்பதற்கு இது நன்றாகப் பொருந்தும்.

டப்பிங்குக்கு 'உரோமத்திரி' என்று யோசிக்கிறேன், திரித்தல் என்ற வினை கையில் இருப்பதால். திரிமுடி என்று ஒருவர் எழுதியிருந்தார். முடி என்பது முடிச்சையும் இழுத்து வரும், கட்டுகிற வேலையில் அது இடைஞ்சல். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். பற்றுமெழுகுக்கு மறுப்பு இருப்பவர்கள் இங்கேயே எழுதுங்கள். முடிந்தால் உங்கள் சொல்லை வைத்துச் 'சீல் உரோமத்துக்குக் கொஞ்சமாகத் தடவு, தலைமுடிச்சில் தடவாதே' என்ற வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள், சொல் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.