ஆட்டிசம் உள்ள மகன் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு: இப்போதே செய்ய வேண்டியவை எவை?

கேள்வி (ஒரு தாய், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம் உள்ள என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான்; கட்டுரை என்றால் அரைப் பக்கத்துக்கு மேல் கை நகராது. பாடவேளை திடீரென மாறினால் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியே போய்விடுகிறான். அவனைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு (அன்றாடம் வகுப்புக்குச் செல்லாமல் படித்துத் தேர்வெழுதும் NIOS) மாற்றிவிடும்படி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இதே பள்ளியிலிருந்து பொதுத்தேர்வு எழுத வழியுண்டா?

மறுமொழி 1 (சிறப்பாசிரியர்)

உண்டு, அம்மா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகிய மூன்றையும் அதன் 17ஆவது பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. மருத்துவச் சான்றை இணைத்துத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையெனில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இந்த ஆண்டே சென்றுவிடுங்கள்.

எழுதுபவர் கிடைத்தால் போதும் என்று பெற்றோர் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். விடை தெரிந்த பிள்ளையாக இருந்தாலும், முன்பின் அறியாத ஒருவரிடம் அதை வாக்கியம் வாக்கியமாகச் சொல்வதும், அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதும், விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் தனியே பழக வேண்டியவை. ஆகவே பள்ளித் தேர்வுகளிலேயே இதைத் தொடங்கிவிடும்படி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் எழுதுபவர் வேறு ஆளாக இருப்பது இன்னும் நல்லது.

மறுமொழி 2 (ஒரு தந்தை, கோவை)

கூடுதல் நேரத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. நாற்காலி இழுபடும் ஓசையையே தாங்காத என் மகளுக்கு, நிறைந்த அறையில் கிடைக்கும் கூடுதல் நேரம் கூடுதல் தொல்லைதான். அவளுக்கு உதவியது தனியறை. அன்றைய பாடவேளையைக் காலையிலேயே எழுதிக் கொடுப்பதும், ஓர் ஆசிரியர் வரமாட்டார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் செலவில்லாத உதவிகள். வகுப்பைவிட இடைவேளைதான் இந்த வயதில் கடினம்: கேலிக்கும் நட்புக்கும் வேறுபாடு தெரியாமல், மற்றவர்கள் தூண்டிவிட்டதைச் செய்து தண்டனை வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்க இசைவு கேளுங்கள்.

திறந்தநிலைப் பள்ளி தாழ்ந்ததன்று. அந்த முடிவு பிள்ளைக்காக எடுக்கப்படுகிறதா, பள்ளியின் வசதிக்காகவா என்பதே என் ஐயம்.

மறுமொழி 3 (இளைஞர் ஒருவரின் அக்கா)

18 வயதுக்குப் பின்னும் யோசித்து வையுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி அவர் சார்பில் முடிவெடுக்கும் சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. என் தம்பி வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதால் நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. மருத்துவச் சான்றில் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், அரசுக் கல்லூரிகளில் 5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு உங்கள் மகன் தகுதி பெறுவான். எனவே சான்று வாங்கும்போதே அந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.