புளியரை ஏற்றத்தில் பெட்ரோல் வாடை: பழைய கார்க்காரர்களின் கார்புரேட்டர் ஒழுகிய அனுபவங்கள்

செங்கோட்டை ஹெரால்டு:
போன மார்கழியில் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஆரியங்காவு கோயிலுக்குக் கிளம்பினோம். புளியரை எஸ் வளைவு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, பங்க்ல நிக்கிற மாதிரி வாடை அடிக்குது" என்றாள். ஓரங்கட்டி, இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து பானெட்டை முன்னால் சாய்த்தேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரில் பெட்ரோல் ஹோஸ் சேரும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டது, கொஞ்சம் நின்றது, நேரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், கொதிக்கும் புகைக் குழாயில் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அம்மாவையும் மகளையும் எப்படி இறக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன் என்று நினைவே இல்லை. அந்தச் சொட்டு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு வாரம் முன்னால்தான் அங்கே ஹோஸைப் பிடிக்கும் கிளிப்பை நானே இறுக்கினேன். கழற்றினால், கிளிப்பின் பல் ரப்பரை அறுத்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை பத்மினி:
கிளிப்பைச் சொல்லிப் பயனில்லை. ஹோஸ் எப்போது மாற்றியது? வேலந்தாவளம் செக்போஸ்ட் வரிசையில் என் பத்மினி காரிலும் ஒழுகியது. ஹோஸை மடக்கிப் பார்த்தேன், வெடிப்பு விட்டிருந்தது, உள்பக்கம் மை மாதிரி விரலில் ஒட்டியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது.

கம்பம் அம்பாசடர்:
இரண்டு பேரும் ஹோஸையே பிடித்துக்கொண்டீர்கள். குமுளி ஏற்றத்தில் எனக்கு ஒழுகியது ஹோஸே இல்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வில் தூசி சிக்கி, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் நிரம்பி வழிந்திருக்கிறது. தெரியாமல் புது ஹோஸ் வாங்கிப் போட்டேன்.

அதனால் முதலில் என்ஜின் ஆறட்டும், பேட்டரி எர்த் வயரைக் கழற்றுங்கள். எல்லா இணைப்பையும் துடைத்து உலர விடுங்கள். பிறகு எர்த்தை மாட்டி, ஐடிலில் ஓடவிட்டு, எது முதலில் நனைகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டதும் என்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஹோஸ் என்றால் எத்தனால் தாங்கும் ஆர்9 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கிளிப் பல் இல்லாமல், ஓரம் மடித்ததாக இருக்கட்டும். பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரோடு பிணைக்கும், நடுவே துளையுள்ள பாஞ்சோ போல்டைக் கழற்றினால் செம்பு வாஷரும் புதிது போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். குழாயை இணைக்கும் யூனியன் நட்டை முதலில் கையால் ஏற்றி, அப்புறம் இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள். ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் கார்புரேட்டர் மரை போய்விடும்.

செங்கோட்டை ஹெரால்டு:
வாஷரையும் பார்க்கிறேன் அண்ணே. ஹோஸ் எப்போது மாற்றியது என்று கேட்டார்களே, அது அப்பா கையால் மாட்டியது. அவர் போய் 9 வருடம் ஆகிறது.