ரேஸ்கோர்ஸில் ஓடியதும் நடந்ததும்

எனக்கு இப்போது 54. நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 7.6. டாக்டர் "தினமும் நடங்க" என்றுதான் சொன்னார். ஆனால் நடை வயதானவர்களுக்கு, ஓடினால்தான் உடம்பு தேறும் என்று ஓர் எண்ணம் எனக்கு. கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி வந்தால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். முதல் வாரமே இரண்டு சுற்று ஓட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று மாதம் நன்றாகவே போனது. ஐந்து கிலோ இறங்கியது, படுத்ததும் தூக்கம் வந்தது. நாலாவது மாதம் ஒருநாள் டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது வலது முட்டிச் சிப்பிக்கு அடியில் சுருக்கென்றது. படி ஏறினால் பரவாயில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகும். அதோடு இன்னும் மூன்று வாரம் ஓடினேன். அப்படிச் செய்திருக்கவே கூடாது.

பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால், எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அப்போது நான் 84 கிலோ. தொடைத் தசைக்குப் பலம் சேர்க்காமல் ஓடியிருக்கிறேன். ஓட்டம் முட்டியைத் தேய்த்துவிடும் என்று பலரும் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அளவாக, படிப்படியாகக் கூட்டி ஓடுகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்றார். எனக்கு வினையானது அவசரம்தான்.

அப்புறம் வேறு வழியில்லாமல் நடை. வீட்டுக்காரரும் கூட வந்தார். சாவகாசமாக அரட்டை அடித்துக்கொண்டு போகும் நடை இல்லை. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். மூன்று சுற்று முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். சில நாள் அவரே "ஏனுங்க, இன்னைக்கு ஒரு ரவுண்டு சேத்துப் போலாமா?" என்பார். இரவு சாப்பிட்டபின் தெருவில் பதினைந்து நிமிடம் தனி. ஒரு வருடத்தில் சராசரி 6.5-க்கு வந்தது. ஓடிய நாட்களில்கூட அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் அரிசியைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

அமெரிக்காவில் 33,000 ஓட்டக்காரர்களையும் 15,000-க்கு மேற்பட்ட நடைக்காரர்களையும் ஆறு ஆண்டுகள் கவனித்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. செலவழிக்கும் சக்தி ஒரே அளவாக இருந்தால், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை வரும் வாய்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குறைகிறதாம். படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதே சக்தியைச் செலவழிக்க நடைக்கு நேரம் அதிகம் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு வேக நடை போன்றதென்றால் குறைந்தது 150 நிமிடம், ஓட்டம் போன்றதென்றால் 75 என்கிறது.

அதனால் ஓட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் மச்சினனுக்கு 36 வயது, மில்லில் ஷிப்ட் வேலை. அவருக்குக் கிடைப்பதே இருபது நிமிடம்தான், ஓடுகிறார். முட்டியில் ஒரு தொந்தரவும் இல்லை. அவரைப் போய் நடக்கச் சொன்னால் அது அநியாயம்.

இந்த வருடம் சுவரில் முதுகை வைத்து உட்காரும் பயிற்சியை விடாமல் செய்து, கடைசிச் சுற்றில் மட்டும் கொஞ்சம் ஓட்டம் சேர்த்திருக்கிறேன். இரண்டு விளக்குக் கம்பம் ஓட்டம், நாலு கம்பம் நடை. பஸ்ஸில் இருந்து வலியில்லாமல் இறங்குகிறேன். ஐம்பதுக்கு மேல் இப்படி மறுபடி ஓட ஆரம்பித்தவர்கள், எத்தனை மாதம் கழித்து நடையைக் குறைத்தீர்கள் என்று சொல்லுங்கள். நான் இன்னும் மூன்றாவது கம்பத்தைத் தொடவில்லை.